மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்

ஏசி மாட்டியவனைப் பாராட்டாத ஆள் உலகத்தில் கிடையாது. அறைக்குள் நுழைந்ததும், "ஆஹா, என்ன குளிர்ச்சி!" என்று கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள். அந்தக் குளிர்ச்சியோடு சேர்ந்தே பிறக்கிற தண்ணீர் எங்கே போகிறது என்று இதுவரை ஒரு மகராசனும் கேட்டதில்லை. அது போகாமல் நின்றால்தான் கேட்பார்கள். அப்போதும், "எந்த மடையன் போட்ட பைப் இது?" என்றுதான் கேட்பார்கள்.

இந்த நன்றிகெட்ட தொழிலில் இருபத்தெட்டு வருஷமாகக் குப்பை கொட்டியவர் ரசமட்டம். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. சின்னக் கண்ணாடிக் குழலுக்குள் ஒரு குமிழி ஓடி, ஓர் இடம் மட்டமாக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று காட்டுமே, அந்தக் கருவி அவருடைய சட்டைப் பையை விட்டு இறங்கியதே இல்லை. கருவியின் பெயர் ஆளுக்கே ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. மனுஷனை அவன் நேர்மையின் பெயரால் கூப்பிடுவது எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று தனக்குத் தானே பூரித்துக்கொள்வார்.

அவருடைய வேலை கேட்பதற்கு ரொம்ப எளிது. உள்ளே மாட்டுகிற ஒவ்வொரு ஏசியின் வயிற்றிலும் ஒரு தட்டு இருக்கும். சொட்டுகிற தண்ணீர் அதில் சேரும். அங்கிருந்து ஒரு பிவிசி பைப் கூரைக்கு மேலே ஒளிந்து ஓடி, கட்டடத்தின் குழாய்கள் எல்லாம் இறங்குகிற இருட்டுச் சந்தில், ஷாஃப்ட் என்பார்களே, அதில் போய்த் தண்ணீரைக் கொட்ட வேண்டும். தள்ளிவிட ஆள் இல்லை, மோட்டார் இல்லை. தண்ணீர் தானாக நடந்து போக வேண்டும். அதற்கு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டம், அதாவது சரிவு, வேண்டும். அவ்வளவுதான் வித்தை. அந்த ஒரு சென்டிமீட்டரை வைத்துக்கொண்டு அவர் செய்த அலட்டல், ராக்கெட் விடுகிறவன் செய்யமாட்டான்.

பெரிய மாமனார் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தபோது பார்க்கப் போனவர், "எப்படி இருக்கீங்க?" என்றுகூடக் கேட்கவில்லை. சுவரில் இருந்த ஏசியையே கால் மணி நேரம் முறைத்துவிட்டு, "இந்த ஆஸ்பத்திரி உருப்படாது" என்று தீர்ப்புச் சொன்னார். படுத்திருந்தவர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. சொந்த வீட்டுக் குளியலறைத் தரையை, வாட்டம் சரியில்லை என்று மூன்று தடவை இடித்தார். மூன்றாவது தடவை அவர் மனைவி குளிக்கப் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. "தண்ணி எப்படியோ போய்க்கிட்டுதானே இருந்துச்சு?" என்று அந்த அம்மாள் கேட்டதற்கு, "எப்படியோ போறதுக்கு நான் எதுக்கு?" என்றார்.

அவர் வேலை சுத்தம்தான். அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் தப்பு என்பது மற்றவர்கள் செய்கிற ஒரு காரியம் என்று அவர் எப்போதோ முடிவு கட்டியிருந்தார். கொத்தனார் செய்வார், எலெக்ட்ரீஷியன் செய்வார், பெயின்டர் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். எல்லோருக்கும் மேலாகச் செய்கிறவன் ஃபால்ஸ் சீலிங் போடுகிறவன். பைப் போட இடம் விடமாட்டான்; விட்ட இடத்தில் கம்பியைத் தொங்கவிடுவான்; பலகையை மாட்டுகிற சாக்கில் கண்டபடி ஸ்குரூ முடுக்கி, போட்டு வைத்த பைப்பைக் குத்திக் கிழிப்பான். இப்படி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவருக்கு விதி என்ன செய்தது தெரியுமா? அவர் மனைவியின் தம்பியை ஃபால்ஸ் சீலிங் வேலைக்கு அனுப்பியது.

மச்சான் சாது. பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவான். அதிலும் ஒன்று "சரி மாமா" என்றிருக்கும். பதினைந்து வருஷம் பிறரிடம் கூலிக்கு வேலை பார்த்துவிட்டு, முதன்முதலாகச் சொந்தமாக ஒரு வேலை எடுத்திருந்தான். ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில், மூன்றாம் மாடியிலிருந்து ஏழாம் மாடி வரை சீலிங் முழுக்க அவனுடையது. அவனை நம்பி ஐந்து ஆட்கள். அதே கட்டடத்தில் அதே மாடிகளுக்கு ஏசித் தண்ணீர் வடிகிற டிரெய்ன் பைப் போடுகிறவர், சாட்சாத் ரசமட்டம்.

"ஒரே வீட்டு ஆளுங்க, நல்லா ஒத்துப் போவீங்க" என்று அந்தக் கட்டடத்தின் என்ஜினியரம்மா சந்தோஷப்பட்டாள். பாவம், அவளுக்குக் கல்யாணமாகவில்லை.

முதலில் முடிய வேண்டியது மூன்றாம் மாடி. அங்கே ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி குடிவரப் போகிறது. பத்து ஏசி. ஆறு ஏசியின் தண்ணீர் முன்பக்க ஷாஃப்டுக்கு, நாலு ஏசியின் தண்ணீர் பின்பக்க ஷாஃப்டுக்கு. பைப் போட்டு முடித்ததும் ரசமட்டத்துக்கு ஒரு சடங்கு உண்டு. மற்றவர்கள் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, அந்தப் பக்கம் வந்ததா என்று பார்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போவார்கள். அவர் பைப்பின் வெளிவாயை ஒரு மூடியால் அடைத்து விடுவார். டம்மி என்பார்கள் அந்த மூடியை. பிறகு பைப் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, மேலே மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டு, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடுவார். காலையில் தண்ணீர் கோட்டை விட்டு ஒரு நூல்கூட இறங்கியிருக்கக் கூடாது. இறங்கவில்லை என்றால் டம்மியைக் கழற்றி எல்லாத் தண்ணீரையும் ஓட விட்டு, நீலம் கரைத்த தண்ணீர் ஒரு வாளி ஊற்றி, அந்தப் பக்கம் நீலமாக வருகிறதா என்று ஓடிப்போய்ப் பார்ப்பார். அதன் பிறகுதான் நோட்டில் டிக். டிக் விழுந்த பிறகுதான் மச்சான் பலகை மாட்ட வேண்டும். இது எழுதாத சட்டம்.

மூன்றாம் மாடியிலும் அப்படித்தான் செய்தார். காலையில் போய்ப் பார்த்தால் இரண்டு பைப்பிலும் தண்ணீர் கோட்டிலேயே நின்றது. முன்பக்க டம்மியைக் கழற்றினார், நீலம் ஊற்றினார், நீலம் வந்தது. பின்பக்கம் போகலாம் என்று ஏணியைத் தோளில் வைத்த நேரம் பார்த்து என்ஜினியரம்மா நாலு பெரிய மனுஷர்களை அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். கட்டடத்துக்காரரின் ஆட்கள்.

"இவர்தான் நான் சொன்ன ரசமட்டம் சார். இவர் போட்ட பைப்ல இதுவரைக்கும் ஒரு சொட்டு ஒழுகினது கிடையாது. கேளுங்க, அவரே சொல்வாரு."

இது போதாதா? ஏணி சுவரில் சாய்ந்தது. குமிழி பையிலிருந்து வெளியே வந்தது. தண்ணீரின் குணம், வாட்டத்தின் மகிமை, எல்போ என்கிற வளைவுத் துண்டு எத்தனை இடத்தில் போடலாம், தூக்குக் கம்பி எத்தனை அடிக்கு ஒன்று வேண்டும், இந்தக் காலத்துப் பையன்கள் ஏன் உருப்பட மாட்டார்கள் என்று முக்கால் மணி நேரம் பொரிந்து தள்ளினார். பெரிய மனுஷர்களில் ஒருவர் கொட்டாவியை விரலால் மறைத்துக்கொண்டே, "அற்புதம்" என்றார். இன்னொருவர் அவரோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். ரசமட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் போன பிறகு டீ குடித்தார். டீ குடித்துக்கொண்டே நோட்டை எடுத்தார். முன்பக்கம் டிக். பின்பக்கம் டிக்.

"மாமா, மூடிரலாமா?" என்று மச்சான் வந்து கேட்டான்.

"மூடு, மூடு. ஸ்குரூ போடறப்போ கண்ணத் தொறந்து வெச்சுக்கோ."

"சரி மாமா."

இன்ஷூரன்ஸ் கம்பெனி நல்ல நாள் பார்த்து வந்து உட்கார்ந்தது. பத்து ஏசியும் ஓட ஆரம்பித்தன. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பின்பக்கம் உட்கார்ந்திருந்த மேனேஜரின் மேஜைக்கு நேர் மேலே, வெள்ளை வெளேரென்ற சீலிங்கில் ஒரு மஞ்சள் வட்டம் பூத்தது. பூத்த வட்டம் சொட்டியது. மேஜையில் அப்போது இருந்தது, வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து நாசமானால் எங்கள் கம்பெனி எப்படிக் கைகொடுக்கும் என்று வழவழக் காகிதத்தில் அச்சடித்த விளம்பரம். அது ஊறி உப்பி மேஜையோடு ஒட்டிக்கொண்டது.

பின்பக்கத்து நாலு ஏசியையும் அணைத்தார்கள். வாளி வைத்தார்கள். மேனேஜர் வாளிக்குப் பக்கத்தில் வியர்த்து உட்கார்ந்து, என்ஜினியரம்மாவை மணிக்கொரு தரம் போனில் கூப்பிட்டார். அவள் ரசமட்டத்தைக் கூப்பிட்டாள். ரசமட்டம் வந்தார், இடுப்பில் கை வைத்தார், மேலே பார்த்தார். மூன்று நொடியில் கண்டுபிடித்துவிட்டார்.

"ஸ்குரூ."

"என்ன சொல்றீங்க?"

"சீலிங்காரன் ஸ்குரூ பைப்ல ஏறியிருக்கு. நான் ராத்திரி பூரா தண்ணி நிப்பாட்டிப் பாத்த பைப்மா இது. ஒரு நூல் இறங்கல. கோடு இன்னும் இருக்கும், வேணும்னா பாருங்க. நான் குடுக்கறப்போ நல்லா இருந்தது, மூடினதுக்கப்புறம் ஒழுகுதுன்னா என்ன அர்த்தம்?"

பக்கத்தில்தான் மச்சான் நின்றான். சொந்த மாமன், நாலு பேருக்கு முன்னால், சீலிங்காரன் என்கிறார். அவன் முகம் கறுத்துவிட்டது.

"பைப் பக்கமே ஸ்குரூ போகல மாமா. ஒரு அடி தள்ளித்தான் போட்டிருக்கோம்."

"போட்டவன் போட்டேன்னு சொல்வானா?"

என்ஜினியரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு மேலேயிருந்து நெருக்கடி. "எனக்கு யார் மேலயும் கோபம் இல்ல. ஆனா நாலாம் மாடி இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு, அதுக்கு மேல மூணு மாடி பாக்கி இருக்கு. இந்தத் தப்பு யாரோடதோ, அவங்க நாலாம் மாடிக்கு வர வேண்டாம். அடுத்த வாரம் திங்கக்கிழமை பத்து மணிக்கு மேனேஜர் முன்னாடி சீலிங்க வெட்டிப் பாத்துடலாம். அதுவரைக்கும் ஏசிய போடாதீங்க."

திங்கட்கிழமைக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது. அந்த எட்டு நாளும் ரசமட்டம் சும்மா இருந்தாரா? எதிரில் வந்தவர்களிடமெல்லாம் ஸ்குரூவின் கதையைச் சொன்னார். லிஃப்ட் ஓட்டுகிறவரிடம் சொன்னார், வாட்ச்மேனிடம் சொன்னார், மச்சானின் ஆட்களிடமே சொன்னார். ஸ்குரூ எத்தனை அங்குலம், எந்தக் கோணத்தில் ஏறியிருக்கும் என்பதுவரைக்கும் நேரில் பார்த்த மாதிரி சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது கண்ணில் தெரிய ஆரம்பித்துவிட்டது. பின்பக்க ஷாஃப்டின் கதவைத் திறந்து பைப்பின் வாயை எட்டிப் பார்க்க ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. ரசமட்டத்தின் நோட்டில் டிக் இருக்கும்போது போய்ப் பார்ப்பது அவரை அவமானப்படுத்துகிற மாதிரி அல்லவா!

வீட்டில் நிலைமை அதைவிட அழகு. மனைவி மூன்று நாள் பொறுத்தாள். நாலாம் நாள் காலையில் தட்டை வைத்த வேகத்திலேயே விஷயம் தெரிந்தது.

"தம்பி பொண்டாட்டி போன் பண்ணா. அவன் சரியா சாப்பிடறதே இல்லையாம். இந்த வேலையும் போச்சுன்னா மறுபடி கூலிக்குத்தான் போகணும். அந்த அஞ்சு பேருக்கு என்ன பதில் சொல்வான்?"

"அத ஸ்குரூ போடறப்போ யோசிச்சிருக்கணும்."

"நீங்க பாத்தீங்களா, ஸ்குரூவ?"

"பாத்தாதான் தெரியணுமா? இருபத்தெட்டு வருஷம்."

"என் தம்பிங்க அவன்."

"தண்ணிக்குத் தம்பி, அண்ணன் எல்லாம் தெரியாது."

இந்த வசனம் அவருக்கே ரொம்பப் பிடித்துப்போய், அன்று வேலை இடத்தில் இரண்டு பேரிடம் திரும்பச் சொன்னார். மனைவி அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. சாப்பாடு வந்தது, துணி துவைத்து வந்தது, பேச்சு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளே வாயைத் திறந்தாள். சண்டை போடுகிற குரலில்லை. ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டே, ஏதோ காய்கறி விலை கேட்கிற மாதிரி கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது. சும்மா கேக்கறேன். அந்தப் பைப்லேர்ந்து தண்ணி வெளிய எங்கயோ வந்து விழும்னு சொல்வீங்களே, அங்க விழுதா?"

"என்ன கேள்வி இது? விழாம எங்க போகும்?"

"இல்ல, விழுதான்னு பாத்தீங்களான்னு கேட்டேன்."

ரசமட்டம் சிரித்தார். "பைப் தொழில் உனக்கு எதுக்கு?" என்றார். சிரித்த சிரிப்பு பாதியில் நின்றது. அந்தப் பின்பக்க ஷாஃப்டை மனசுக்குள் கொண்டுவரப் பார்த்தார். டம்மியைக் கழற்ற அதில் ஏணியைச் சாய்த்தது, கையை உள்ளே விட்டது, நீலத் தண்ணீர் விழுந்த சத்தம், எதுவும் வரவில்லை. கொட்டாவி விட்ட பெரிய மனுஷரின் முகம்தான் வந்தது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே கட்டடத்துக்குப் போய்விட்டார். வாட்ச்மேனிடம் சாவி வாங்கி, மூன்றாம் மாடி பின்பக்க ஷாஃப்டின் சின்னக் கதவைத் திறந்தார். டார்ச் அடித்தார். ஏறி நின்று உள்ளே தலையை விட்டார். அவருடைய பைப். அவருடைய வாட்டம். அதன் வாயில், இத்தனை நாளாக உலகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு, அவர் கையாலேயே அடித்து ஏற்றிய டம்மி.

இருபத்தெட்டு வருஷமும் அந்த இடத்திலேயே நின்றுபோயின. ஸ்குரூ இல்லை, ஓட்டை இல்லை, கிழிசல் இல்லை. பைப் அன்று ராத்திரி நிரப்பிய தண்ணீரை இன்னும் ஒரு சொட்டு விடாமல் வைத்துக்கொண்டிருந்தது. பிரமாதமான பைப். ஏசி ஓடியதும் புதுத் தண்ணீருக்கு இடமில்லாமல் தட்டு வழிந்து மேனேஜர் தலையில் கொட்டியது. அவ்வளவுதான். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுப் போகிற அரைகுறை ஆள் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது. ஏனென்றால் அவன் டம்மியே போடமாட்டான். இதைச் செய்ய ரசமட்டம் மாதிரி ஒரு மேதாவி வேண்டும்.

டம்மியைத் திருகி இழுத்தார். நாற்றமெடுத்த தண்ணீர் குபுக்கென்று பாய்ந்தது. பாதி கீழ்க் குழாயில் விழுந்தது, பாதி அவர் சட்டை நெஞ்சில் விழுந்தது. பைப்பில் மிச்சம் இருந்தது நிதானமாக, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வாட்டத்தில், சலசலவென்று ஓடி முடிந்தது. கைக்கடிகாரத்தில் மணி எட்டரை. சுற்றிலும் ஒரு ஈ, காக்கை இல்லை.

டம்மியைக் கால்சட்டைப் பையில் போட்டார். கதவைச் சாத்திப் பூட்டினார். சாவியைக் கொடுத்துவிட்டு எதிர்த்த டீக்கடையில் போய் மூலையில் உட்கார்ந்தார்.

நல்ல மனுஷன் என்றால் நேரே மச்சானிடம் ஓடியிருப்பான். ரசமட்டம் டீ சொன்னார். ஆறவிட்டார். இன்னொன்று சொன்னார். இனி சொட்டாது. சொட்டு நின்றுவிட்டால் சீலிங்கை எவன் வெட்டப் போகிறான்? ஷாஃப்ட் பக்கம் தூசி அடைத்திருந்தது, எடுத்துவிட்டேன் என்று சொன்னால் முடிந்தது. கட்டட வேலையில் தூசிக்கா பஞ்சம்? தூசி யார் குற்றமும் இல்லை. மச்சானுக்கும் வேலை இருக்கும், நமக்கும் வேலை இருக்கும், பேரும் இருக்கும். யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு சின்னப் பொய். தர்மம் என்றுகூடச் சொல்லலாம். எவ்வளவு யோசித்துப் பார்த்தாலும் இதில் ஓட்டை தெரியவில்லை. "தூசி அடைச்சிருந்ததும்மா" என்று உதட்டுக்குள் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது விதம் இயல்பாக இருந்தது. நெஞ்சில் சட்டை காய்ந்து விறைத்தது. பத்து மணிக்கு எழுந்தார்.

மூன்றாம் மாடியில் மேனேஜர், என்ஜினியரம்மா, மச்சான் மூவரும் வாளியைச் சுற்றி நின்றார்கள். சீலிங்கை வெட்டுகிற ஆள் யாரையும் காணோம். மேஜை மேல் ஒரு காகிதம். அதில் மச்சானின் கையெழுத்து ஈரம்கூடக் காயாமல் இருந்தது.

"வாங்க" என்றாள் என்ஜினியரம்மா. "வெட்ட வேண்டிய அவசியம் இல்ல. அவரே ஒத்துக்கிட்டாரு, ஸ்குரூ பட்டிருக்கும்னு. நாலாம் மாடியிலேர்ந்து வேற ஆள பாக்கச் சொல்லி எழுதிக் குடுத்துட்டாரு."

வசனம் தயார் செய்து வைத்திருந்த ரசமட்டத்தின் வாய் திறந்தபடி நின்றது.

மேனேஜர் மச்சானைப் பார்த்து, "ஏன்யா, இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?" என்றார்.

"அன்னிக்குத் தெரியல சார்." மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். அவன் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி யாரும் கேட்டதில்லை. "இங்க ஆளுங்க ஒக்காந்திருக்காங்க, கழட்ட முடியாது. அதான் நாலாம் மாடில, மாமா டிக் போட்ட பக்கம் மாட்டின பலகை அம்பத்தெட்டையும் போன வாரம் கழட்டிப் பாத்தேன். ஒவ்வொரு ஸ்குரூவா பாத்தேன். ஒண்ணுகூட பைப் பக்கம் போகல. சரி, அப்ப மூணுலயும் போயிருக்காதுன்னுதான் நெனச்சேன். ஆனா மாமா அப்படிச் சொல்றாரே. அவர் தண்ணி நிப்பாட்டிப் பாத்த பைப் ஒழுகாது சார். இத்தன வருஷத்துல ஒழுகினதில்ல. அப்ப தப்பு என்கிட்டதான் இருக்கணும். என் கண்ணுல படல, அவ்வளவுதான்."

"அம்பத்தெட்டுப் பலகையையுமா?" என்றாள் என்ஜினியரம்மா.

"ஆமாம்மா. திருப்பி மாட்டிட்டேன்."

தூசி என்ற சொல் ரசமட்டத்தின் தொண்டை வரைக்கும் வந்தது. இப்போது சொன்னாலும் காரியம் கெடாது. மச்சானின் காகிதத்தைக் கிழித்துப் போடுவார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், கதை முடியும். மச்சான் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் கொஞ்சமாவது இருந்திருந்தால் ரசமட்டம் தப்பித்திருப்பார். மன்னிப்புக் கேட்கிற பார்வை அது. மாமனின் நல்ல பைப்பைக் கெடுத்துவிட்டோமே என்கிற பார்வை.

பையில் கையை விட்டு டம்மியை எடுத்து அந்தக் காகிதத்தின் மேல் வைத்தார்.

"என்ன இது?" என்றார் மேனேஜர்.

"என்னோடது சார். டெஸ்ட் பண்றப்போ பைப் வாய்ல நான் அடிச்சது. கழட்டல. மறுநாள் காலைல பின்பக்க ஷாஃப்டுக்கு நான் போகவே இல்ல. போகாமலேயே டிக் போட்டேன். ஸ்குரூ எதுவும் படல. அவன் மேல ஒரு தப்பும் இல்ல. பைப் அடைச்சுக் கெடந்தது, தட்டு வழிஞ்சுது. இப்ப ஏசிய போடுங்க, சொட்டாது."

என்ஜினியரம்மா டம்மியை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். கட்டைவிரல் தடிமன்கூட இல்லை. மேனேஜர் ரசமட்டத்தையும் அதையும் பார்த்துவிட்டு, "இதுக்கா எட்டு நாள் வேர்த்தேன்?" என்றார். என்ஜினியரம்மா மச்சானின் காகிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். பிறகு ரசமட்டத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் போட்டேன். நாலாம் மாடிக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

"சரிம்மா" என்றார் ரசமட்டம். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததை அவரே அன்றுதான் கேட்டார்.

ஏசியைப் போட்டார்கள். குளிர்ந்தது. மேனேஜர், "ஆஹா" என்றார்.

மாமனும் மச்சானும் படியில் ஒன்றாக இறங்கினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் மச்சான் நின்றான். நன்றி சொல்லப் போகிறான் என்று ரசமட்டம் நினைத்தார் என்றால் நம்புங்கள், நினைத்தார். இத்தனை நடந்தும் அவருக்குள் ஒரு மூலையில், உண்மையைச் சொன்னோமே என்று லேசாக நெஞ்சு நிமிர ஆரம்பித்திருந்தது.

மச்சான் அவருடைய சட்டையைப் பார்த்தான். நெஞ்சில் பழுப்பாக ஒரு வட்டம். சீலிங் வேலைக்காரனுக்கு ஈரக்கறையைப் படிக்கத் தெரியும். எந்தக் கறை இப்போது விழுந்தது, எது காய்ந்து எவ்வளவு நேரமாயிற்று என்று பலகையைத் தொடாமலே சொல்வான். விரலை நீட்டி அந்த வட்டத்தின் ஓரத்தைத் தொட்டான்.

"நல்லா காஞ்சு போச்சே மாமா. எப்ப கழட்டினீங்க?"

ரசமட்டம் குனிந்து சட்டையைப் பார்த்தார்.

"எத்தன மணிக்கு மாமா?"

"எட்டரைக்கு."

மச்சான் கணக்குப் போட்டான். அவசரப்படாமல் போட்டான். "நான் கையெழுத்துப் போட்டது பத்து மணிக்கு."

"மச்சான், தப்பு என்னோடதுதான். என்னை மன்னிச்சிடு." வாழ்க்கையில் முதல் தடவை சொல்வதால் அவருக்கு அது சரியாக வரவில்லை, பாதி இருமலாகவே வந்தது. ஆரம்பித்ததை முழுக்கக் கொட்டிவிட வேண்டும் போலிருந்தது. "டீக்கடைல ஒக்காந்திருந்தேன். தூசி அடைச்சிருந்துதுன்னு சொல்லிடலாம்னுதான் மேல வந்தேன். உனக்கும் பாதகம் இல்லாம, எனக்கும் பாதகம் இல்லாம. உன்னப் பாத்ததும் அது வாய்ல வரல."

மச்சான் சுவரோரம் ஒதுங்கினான். கீழ்ப்படியில் யாரோ ஏறி வந்து, இருவரையும் விலக்கிக்கொண்டு மேலே போனார்கள்.

"தூசின்னு சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேன் மாமா" என்றான். சொல்லிவிட்டு, நாலாம் மாடியில் அவனுக்காகக் காத்திருந்த ஐந்து பேரிடம் போகத் திரும்பிப் படியேறினான்.